எரியானைச் சாகடித்தவள்

எரியானைக் கொன்றவள் நான்தான். திரைப்பட நிறுவனம் அல்ல, இயக்குநர் அல்ல. நான்!

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, சொல்கிறேன். எரியான் ஒரு சித்திரக்கதை நாயகன். நாயகன் என்று சொல்வதுகூடச் சரியில்லை... அவன் திருடுவான், பொய் சொல்வான், ஆள் கடத்துகிறவர்களைத் தேடிப் பிடித்து எலும்பை முறிப்பான். ஆனால் தீ அவனைத் தொடாது. குண்டு துளைக்காது. ஏனென்றால் அவன் காணாமல் போனவன். அவனுக்கு யாரும் இறுதிக் கிரியை செய்யவில்லை. அவன் மனைவி ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நின்று குங்குமப் பொட்டு வைக்கிறாள். அவள் வைக்கும்வரை அவனுக்குச் சாவில்லை.

அதை வரைந்தவன் நிமலன். டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறான், பொருட்கிடங்கில் வேலை. டெனிஷ் மொழியில் ஐந்து புத்தகங்கள் வரைந்தான். ஐந்தும் அந்தக் கண்ணாடியோடுதான் முடிகின்றன.

அந்தப் பொட்டு யாருடையது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிமலனின் தாய் செல்வி அன்ரி, பிரெடெரிசியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். நிமலன் வயிற்றில் இருந்தபோது அவருடைய கணவரை இலங்கையில் ஒரு சோதனைச்சாவடியில் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அன்ரி பொட்டில்லாமல் வெளியே வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை... அப்போதெல்லாம்.

புத்தகத்தைப் படமாக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. திரைக்கதைக் குழுவில் தமிழ் வாழ்க்கை தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் இலக்கியம் படித்தவள், அப்போது மகள் பிறந்து பத்து மாதம். நிமலன்தான் என் பெயரைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா, எதையும் மாத்துங்கோ. சண்டையைக் கூட்டுங்கோ, பேயளை விடுங்கோ. அவன் மட்டும் சாகக் கூடாது. அம்மா பாக்க வருவா."

ஓம் என்றேன். எவ்வளவு இலகுவாக ஓம் என்றேன்!

ஆர்ஹூஸில் நடந்த அந்தக் கூட்டத்தை எத்தனை தடவை மனத்துக்குள் திரும்ப நடத்தியிருப்பேன்... முடிவுக் காட்சியில் சிக்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சாகவே முடியாதவனுக்குச் சண்டைக் காட்சி எதற்கு, பார்ப்பவனுக்கு எங்கே பயம் வரும் என்று இயக்குநர் மெட்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நியாயமான கேள்விதான். அந்த நேரம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் குளிர்ச்சட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். மெட்டே என்னைப் பார்த்து, உங்கள் வழக்கத்தில் அவனை நிறுத்தக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னேன். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து எரிப்போம், சாம்பலைக் கடலில் கரைப்போம், மனைவி பொட்டை அழிப்பாள் என்று. அவள் அழித்தால் தீ அவனைத் தொடும் என்றும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை... நானாகவே சேர்த்தேன்! மெட்டேயின் கண் கலங்கிவிட்டது. ரயிலில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மகிழ்ச்சி. மகளுக்குக் காய்ச்சல் முப்பத்தெட்டுப் பாகைதான், லேசான சூடு.

அவசரத்தில் சொன்னேனா? கெட்டிக்காரி என்று பெயர் வாங்கச் சொன்னேனா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சில நாட்களில் முன்னதை நம்புகிறேன். அந்த நாட்களில் மட்டும் நித்திரை வருகிறது.

நிமலனிடம், அது நிறுவனத்தின் முடிவு, ஒப்பந்தப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, எவ்வளவோ சண்டை பிடித்துப் பார்த்தேன் என்றேன். அவன் என்னைத் தேற்றினான்.

"விடுங்கோ அக்கா. டெனிஷ்காரருக்கு ஒருத்தனைக் கொல்லாமல் படம் முடிக்கத் தெரியாது."

நானும் சிரித்தேன். சிரித்தேனே!

பிரெடெரிசியாவில் ஒரு ஞாயிறு பகல் எங்கள் சனங்களுக்காகப் படத்தைக் காட்டினார்கள். செல்வி அன்ரி பட்டுச்சேலையில் வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். சண்டைகளுக்குக் குழந்தைபோலச் சிரித்தார். எரியான் களவெடுத்தபோது, "உவன் அப்பிடியே அவரைப் போல" என்று என் காதில் சொன்னார். அவருடைய கணவர் பக்கத்துக் காணியில் இளநீர் பறிக்கிறவராம்.

கடைசிக் காட்சி வந்தது. டெனிஷ் கடற்கரை, தர்ப்பை உருவத்தில் நெருப்பு, கடல் நீரில் அவள் நெற்றியைக் கழுவுகிறாள். அந்த நொடியில் எங்கோ ஒரு கூரைமேல் நிற்கும் எரியானைத் தீ பிடிக்கிறது. அரங்கம் கைதட்டியது. அன்ரி என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

வெளியே வந்ததும், படம் நல்லாயிருக்கிறது என்றார். சற்றுப் பொறுத்துக் கேட்டார்:

"அந்தப் பொம்பிளைக்கு ஆர் சொன்னது பிள்ளை, அவர் செத்திட்டார் எண்டு?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"உந்தத் தர்ப்பை விசயமெல்லாம் உவைக்கு எப்பிடித் தெரியும்?"

"இன்ரநெற்றில பாத்திருப்பினம் அன்ரி."

அவர் தலையாட்டினார். அந்தப் பொய்யை அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் கழித்து, அம்மா அப்பாவின் கிரியைக்கு ஐயரிடம் நாள் கேட்டுவிட்டார் என்று நிமலன் வந்து சொன்னான். நான் போனேன். மரக்கறி வெட்டினேன், சோறு வடித்தேன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்றேன். தர்ப்பை ஈரமாக இருந்ததால் தீ மெல்லத்தான் பிடித்தது. செல்வி அன்ரி அழவில்லை. திரும்பி வரும்போது காரில், இனி மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். அவர் ஓம் என்றார். ஆறியதா? சில நாட்களில், நான் அவரை ஒரு காத்திருப்பிலிருந்து விடுவித்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்... நீங்களும் அப்படிச் சொல்ல வாய் திறக்கிறீர்கள், தெரிகிறது. சொல்லாதீர்கள். காத்திருந்தது அவர். முடிப்பதா இல்லையா என்று சொல்ல நான் யார்?

நிமலன் ஆறாவது புத்தகத்தைத் தொடங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. படிக்கட்டில் கண்டால் என் மகளைத் தூக்கிக் கொஞ்சுகிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

போன கிழமை மெட்டே அழைத்தாள். படம் நன்றாக ஓடியதால் இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். சித்திரக்கதை நாயகர்கள் எல்லோரும் திரும்பி வருகிறவர்கள்தானே, எரியானையும் கொண்டுவர வேண்டும் என்றாள். செய்த கிரியையைச் செய்யாததாக்க உங்களிடம் ஒரு வழக்கம் இருக்குமே என்று நம்பிக்கையோடு கேட்டாள்.

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் ஒவ்வொரு நாளும் தேடுகிறேன், அவளுடைய படத்துக்காக அல்ல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?