பின்பக்கம் எழுதிய பாக்கி

கண்டக்டரின் பாஸ்புக் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அலமாரியின் மூன்றாவது தட்டில், போர்வைக்கு அடியில், பதினாறு வருடமாக ஒரே இடத்தில் படுத்துக் கிடந்த புத்தகம் அது. போர்வையை உதறினார். தலையணை உறையைத் திருப்பிப் போட்டார். செருப்புப் பெட்டியில்கூடப் பார்த்தார். அங்கே பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார். ஏற்கெனவே அவருடைய மறதியைப் பற்றி அந்த வீட்டில் தினமும் ஒரு செய்தி அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது.

மகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டே சொன்னாள். “தேடாதீங்கப்பா. நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்.”

“யாரைக் கேட்டு?”

“உங்க நல்லதுக்குத்தான்.”

“செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட ‘பையைக் காட்டுங்க’ன்னு கேட்டுட்டுத்தான் கை வெப்பாரு. நீ கேக்காமயே எடுத்திருக்க. இதுக்குப் பேரு வேற.”

“வேற என்ன பேரு?”

“நீயே சொல்லு. படிச்சவ நீதான.”

அவள் சீப்பை மேசையில் வீசிவிட்டுப் போனாள். அவர் கோபத்தில் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. பத்து மணிக்கு மேல், பார்ப்பதற்கு யாரும் இல்லாததால், தொட்டார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? முப்பத்து நாலு வருடம், ஆடுகிற பஸ்ஸில், ஒரு கால் படியிலும் ஒரு கால் யாருடைய மூட்டையிலுமாக நின்றுகொண்டு கணக்குப் பார்த்த ஆள். அறுபது பேர் ஏறினால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கித் தொகையை எழுதி, கீழே ஒரு சுழி போட்டுக் கொடுப்பார். இறங்கும்போது அந்த டிக்கெட்டை நீட்டினால் பேச்சே கிடையாது, பணம் கைக்கு வந்துவிடும். டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுவார். தன் கையெழுத்தை யாராவது நீட்டி, அவர் ‘இது என்ன’ என்று கேட்டதாகச் சரித்திரமே இல்லை. ஒருமுறை பாக்கியை மறந்து இறங்கிப் போன ஒரு பெண்ணுக்காக நாலு ரூபாயைத் தீப்பெட்டியில் போட்டு ஐந்து நாள் சட்டைப் பையில் சுமந்தார். ஆறாவது நாள் அவள் ஏறினாள். அவள் வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லவில்லை. அதையும் அவர் மறக்கவில்லை.

இப்போது எழுபத்து நாலு வயதில் நிறைய மறந்தது. அதனால் பழைய வழக்கத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். தெருமுனை மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார். ஒரு சீட்டில் ‘மருந்து பாக்கி 840’ என்று எழுதி, அதே சுழியைப் போட்டுக் கடைக்காரரிடம் கொடுப்பார். பென்ஷன் வந்ததும் பாங்க்கில் சரியாக எண்ணூற்று நாற்பது எடுத்துப் போய் அடைப்பார். ஒரு ரூபாய் கூட எடுக்க மாட்டார். கைக்காசையும் டிக்கெட் காசையும் கலக்கக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த முதல் நாள் பாடம்.

ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போனது. சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழிக்க மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மகள் பாஸ்புக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தாள். காலையில் இருந்த முறுக்கு இல்லை, களைப்பு இருந்தது.

“போன வாரம் பாங்க்குக்குப் போயிருந்தேன்பா. கவுண்டர்ல இருக்கறவரு சொன்னாரு, உங்கப்பா மூணு நாளைக்கு ஒருதடவை வந்து எண்ணூத்தி நாப்பது எடுக்கறாருன்னு.”

“என் கணக்கு. என்கிட்ட சொல்ல வேண்டியதுதான அவன்?”

“உங்களுக்குக் காது கேக்குமான்னு அவருக்குச் சந்தேகமாம்.”

“அவன் வாய்க்கு எனக்குக் கேக்காம இருந்தாத்தான் நல்லது. சரி, தள்ளு.”

கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, பாஸ்புக்கை வேபில் படிப்பதுபோல் படித்தார். வேபில் என்பது ஒவ்வொரு நடைக்கும் எத்தனை டிக்கெட் விற்றது என்று கண்டக்டர் எழுதுகிற தாள். நாலு தேதி. நாலு தடவையும் எண்ணூற்று நாற்பது. விரல் நாலாவது வரியில் நின்றது. அவருக்கு முதல் தடவை நினைவிருந்தது. மற்ற மூன்றும் வேறு யாரோ எடுத்த மாதிரி இருந்தது. அந்த இடத்தில் அவருடைய கழுத்து கொஞ்சம் குனிந்ததை மகள் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஜன்னலைச் சாத்தப் போனாள்.

பிறகு கண்டக்டருக்கு வெளிச்சமாயிற்று.

“மருந்துக்கடைக்காரன் ஒரே டிக்கெட்டை நாலு தடவை வித்திருக்கான்.”

அவருடைய உலகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இறங்குகிறவனிடம் டிக்கெட்டை வாங்கி ஏறுகிறவனுக்கு விற்ற ஒரு கண்டக்டரை டிப்போ வாசலில் வைத்தே யூனிபார்மைக் கழற்றச் சொன்னதை அவர் பார்த்திருக்கிறார்.

“நான் இப்பவே போய்க் கேக்கறேன்,” என்றாள் மகள்.

“போனா சீட்டே இல்லம்பான். அவனே கொண்டு வருவான், விடு. கையில டிக்கெட்டோட பிடிக்கணும்.”

“அதுவரைக்கும் பாஸ்புக் என்கிட்ட இருக்கட்டுமாப்பா? இந்தத் தடவை கேட்டுட்டேன்.”

அவர் பாஸ்புக்கை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். தினமும் டியூட்டி முடிந்ததும் பணப்பையை டிப்போ கவுண்டரில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதில் ஒரு நாளும் அவமானம் பட்டதில்லை. ஆனால் ரசீது வாங்காமல் ஒரு நாளும் வந்ததில்லை.

“ரசீது கொடு,” என்றார்.

அவள் எழுதினாள். பாஸ்புக் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குக் கீழே, அவர் சொல்லச் சொல்ல, அந்த மாதச் செலவு முழுவதும். மருந்துக்கடை 840, நாலு தடவை கொடுத்தாச்சு. தேதி போடச் சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்னார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, மகள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மருந்துக்கடைக்காரர் வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சிலும் இல்லை.

“எப்படி இருக்கீங்க சார்? இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே இதையும் காட்டிட்டுப் போலாம்னு.”

சீட்டு நீண்டது. எண்ணுக்குக் கீழே அவருடைய சுழி.

கண்டக்டருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, பாஸ்புக், நாலு வரி, எதுவும் இல்லை. தன் கையெழுத்து மட்டும் தெரிந்தது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. “பாங்க்குக்குப் போகணுமே,” என்று எழுந்தார். பேனா இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவியபோது மடித்த தாள் தட்டுப்பட்டது.

பிரித்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மகளுடைய கையெழுத்து.

“ஒரு நிமிஷம்,” என்று சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஓய்வுபெற்ற அன்று டிப்போவில் திருப்பிக் கொடுக்க ‘மறந்துபோன’ டிக்கெட் பஞ்ச் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த மறதி மட்டும் சுத்தப் பொய். வாசலுக்கு வந்து, கடைக்காரர் முகத்துக்கு நேராகச் சீட்டில் நாலு ஓட்டை போட்டார். டக், டக், டக், டக்.

“ஒரே டிக்கெட்ல எத்தனை தடவைங்க ஏறுவீங்க?”

“சார், நீங்க மறந்துட்டீங்க. பாவம், வயசு.”

“மறந்துட்டேன். அதனாலதான் எழுதி வெச்சிருக்கேன். நீங்க மறக்கலயே. மறக்காமத்தான வந்தீங்க?”

கடைக்காரர் தான் கேட்கவே இல்லை, பெரியவர்தான் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார் என்று படி இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார். தெருவில் நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரும் தலையாட்டினார்கள், வயசானவர்களிடம் பொறுமை வேண்டும் என்று. யாரிடம் இருந்த பொறுமையைப் பற்றிப் பேசினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

கண்டக்டர் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைத் தேடி எடுத்தார். அதன் பின்பக்கம் எழுதினார்: மருந்துக்கடை பாக்கி 2520.

அடுத்த நாள் காலை, கடையில் கூட்டம் இருக்கும்போது போய் நின்றார். டிக்கெட்டை நீட்டி, கடைசி ஸீட் வரை கேட்கும் பழைய குரலில் சொன்னார். “மருந்துக்கடை பாக்கி, ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது.”

“அப்புறம் வாங்க சார்,” என்றார் கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

இங்கேதான் கடைக்காரர் கணக்குத் தப்பியது. காலையில் போனது மத்தியானம் கண்டக்டருக்கு நினைவில்லை. பையில் டிக்கெட் இருந்தது. போனார். மத்தியானம் போனது சாயங்காலம் நினைவில்லை. மறுபடி போனார். ஒவ்வொரு தடவையும் அதே மரியாதை, அதே குரல், முதல் தடவை கேட்பவரின் அதே நம்பிக்கை. மூன்றாம் நாள் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார், “அது என்ன பாக்கி?” ஐந்தாம் நாள் இரண்டு பேர் மாத்திரை வாங்காமலே திரும்பினார்கள்.

ஆறாம் நாள் கடைக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கண்டக்டர் நோட்டுகளை நீளவாட்டில் மடித்து விரலிடுக்கில் செருகினார். ஒருமுறை எண்ணினார், சந்தேகம் வந்து மறுமுறை எண்ணினார். பிறகு டிக்கெட்டை மேசைமேல் வைத்தார். நகரவில்லை.

“இன்னும் என்ன சார்?”

“கிழிங்க,” என்றார். “நான் நாளைக்கு மறுபடி வந்துடுவேன்.”