பாவாவும் பந்துப் பெட்டியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு குளிர்பானக் கடையில் அந்தப் பெட்டி வந்து நின்றது. ஆளுயரம். நெஞ்சுக்கு நேரே ஒரு கறுப்புத் திரை. திரையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு. இடையே ஓயாமல் அலையும் ஒரு வெள்ளைப் புள்ளி. கோடுகள் மட்டைகளாம், புள்ளி பந்தாம். கீழே இருந்த குமிழைத் திருகினால் கோடு மேலும் கீழும் நகரும். பந்து பட்டால் 'டொக்' என்று ஒலிக்கும். சென்னைப் பொருட்காட்சி ஒன்றில் ஓடித் தேய்ந்ததை வாங்கி வந்து, 'டேபிள் டென்னிஸ் மெஷின்' என்று கடைக்காரர் பெருமை பேசிக்கொண்டிருந்தார். திருவிழா நாட்களில் மலையடிவாரத்து வளையம் எறியும் கடைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இத்தகைய பெட்டி எதுவும் தன் முதலாளியின் பக்கமே சாயும் என்பது என் துணிபு.

ஆனால் என் ஐயம் பெட்டியோடு நிற்கவில்லை. அது நான் பாவா என்று அழைக்கும் என் அக்காள் கணவர் மீது விழுந்தது.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை மலைப்படிகளுக்குப் பூசை நடக்கும். முந்நூற்று அறுபத்தைந்து படிகள். ஒவ்வொன்றிலும் கற்பூரம் ஏற்றி ஒரு பாட்டுப் பாடி, அதன் பிறகே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். எங்கள் குழுவில் நான் வலப்பக்கம் நின்று ஓரடி பாடுவேன். இடப்பக்கம் நிற்கும் பாவா அதை வாங்கி அடுத்த அடியைப் பாடுவார். என் அடியின் கடைசி அசை காற்றில் இருக்கும்போதே அவருடைய முதல் அசை எழ வேண்டும். இடையில் வெற்றிடம் விழுந்தால் பாட்டு உடைந்ததாகப் பொருள். இருபது ஆண்டுகளாக அது உடைந்ததில்லை.

அவ்வாண்டு ஒத்திகையில் உடைந்தது. முதலில் அரை மாத்திரை, பிறகு முழு மாத்திரை. பாவா தாமதமாக வாங்கினார். சில நேரம் வாங்காமலே நின்றார். அதைவிட எனக்கு உறுத்தியது அவர் பார்வை. கண்மூடிப் பாட வேண்டியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வயதில் இளையவனான நான் எங்கே தவறுவேன் என்று காத்திருக்கிறார் என எண்ணினேன். அதனால் அவர் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பி, மலையை நோக்கி நின்று பாடத் தொடங்கினேன். தாமதம் இன்னும் கூடியது.

தாளம் போடுபவர் என்னைத் தனியே அழைத்தார். "அரக்கோணத்துல ஒருத்தர் கீறாருங்க. கணீர்னு கொரலு. பெரியவரை இந்த வருசம் கீழயே உக்கார வெச்சிட்டு, அவரை நிக்க வெச்சிக்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அவர் என் அக்காள் வீட்டுக்காரர்."

"அதனாலதாங்க உங்களைக் கேக்கறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க."

படியில் நிற்பதற்காகவே பாவா ஆண்டு முழுவதும் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவர். அந்த ஒரு வார்த்தை என் நாவில் இருந்தது. அதைச் சொல்வதற்கு ஒரு காரணம் தேடி அக்காள் வீட்டுக்குப் போனேன். காரணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னாடா, நீ இங்க வந்து நிக்கிற? அஞ்சு மணிக்கே உன் ஊட்டுக்குப் போறேன்னு தெனமும் கெளம்பிடறாரு. அப்போ எங்க போய்கினு இருக்காரு இந்த மனுசன்?"

ஒத்திகை ஆறரைக்கு. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது? வேறு குழுவுக்கா, மதுக்கடைக்கா? மறுநாள் மாலை தெருமுனையில் நின்று அவரைப் பின்தொடர்ந்தேன். ஐம்பது வயதைக் கடந்தவன், நெற்றி நிறைய நீறோடு, அக்காள் கணவரை ஒளிந்து ஒளிந்து தொடர்ந்ததை இப்போது எழுதக் கூசுகிறது.

அவர் நேரே அந்தக் குளிர்பானக் கடைக்குள் நுழைந்தார். ஒரு குமிழைத் தாம் பிடித்துக்கொண்டார். மறு குமிழைக் கடைக்காரர் பிடித்தார். பந்து ஓடத் தொடங்கியது. பாட்டை உடைத்தது இந்தப் பெட்டிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றேன்.

"பாவா."

அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை அழைத்தேன். தோள்கூட அசையவில்லை. அவமதிக்கிறார் என்று முகம் சுட்டது.

அப்போது மலையில் மாலைப் பூசை மணி அடித்தது. கடைக்காரர் பெட்டியின் பின்புறம் கைவிட்டு அதன் ஒலியை அடக்கினார். அவருக்கும் அந்த அளவு பக்தி இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஓசையின்றி ஆட்டம் தொடர்ந்தது. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்கள் பாவாவே வென்றார்.

"சத்தம் இல்லன்னா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது. இவரு மட்டும் எப்டிங்க?" என்று கடைக்காரர் என்னிடம் முறையிட்டார்.

இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு நடிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. "நகருங்க, நான் ஆடறேன்" என்று குமிழைப் பிடித்தேன்.

பாவா அப்போதுதான் என்னைக் கண்டு திடுக்கிட்டார். உடனே சமாளித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா மச்சான், வேவு பாக்க வந்தியா? வா வா, மொதல்ல தோத்துட்டு அப்புறம் உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லு."

தோற்றேன். மறுபடியும் தோற்றேன். இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் ஒன்றைக் கவனித்தேன். அவர் கண் பந்தின் மீது இல்லை. குமிழைத் திருகும் என் கையின் மீது இருந்தது. என் விரல் அசைவதைக் கண்டே பந்து எங்கே வந்து விழும் என்று அறிந்துகொண்டார்.

எனக்கு வேறொரு ஐயம் பிறந்தது. மேல்துண்டால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு, வழக்கமான குரலில், "பாவா, நாளைக்கு மலைமேல யானைக்குக் கல்யாணமாம், வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"ஆங், ஆமா ஆமா," என்றார் பாவா, குமிழிலிருந்து கையெடுக்காமல்.

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வாயை அவர் ஏன் பார்த்தார் என்பது அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் எனக்கு விளங்கியது. செவி கைவிட்ட பின் கண்ணால் பாட்டை வாங்கப் பார்த்திருக்கிறார். அதற்குக் கண்ணைப் பழக்கவே இங்கே வந்திருக்கிறார். நானோ அவரை ஐயுற்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடைந்த அடிகளில் பாதி என்னால் உடைந்தவை.

ஞாயிற்றுக்கிழமை தாளக்காரரிடம், "பாவாவே நிற்பார்" என்றேன். காரணம் சொல்லவில்லை. பாவாவிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒத்திகையில் மட்டும் முன்போல அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படிப்பூசை அன்று காலை முதற்படியில் கற்பூரம் எரிந்தது. எல்லோரும் மலையை நோக்கி நிற்க, நான் பாவாவை நோக்கி நின்றேன். கண்மூடாமல், வாயை நன்றாகத் திறந்து, கடைசி அசையில் வலக்கையை அவர் பக்கம் மெல்ல நீட்டினேன். கை நீண்ட கணத்தில் அவர் குரல் எழுந்தது.

பத்தாம் படியில் தாளக்காரர் என் அருகே குனிந்தார். "இன்னாங்க சாமி இது, மலையைப் பாக்காம பக்கவாட்டுல திரும்பிக்கினு பாடறீங்க? யாராச்சும் பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"கழுத்துவலி," என்றேன். சந்நிதிக்குப் போகும் வழியில் நான் சொன்ன பொய் அது. அவர் நம்பவில்லை. அன்று முழுவதும் ஓரக்கண்ணால் என்னை அளந்துகொண்டே தாளம் போட்டார்.

கடைசிப் படி வரை பாட்டு உடையவில்லை. மேலே, கொடிமரத்தருகே மூச்சு வாங்க அமர்ந்தபோது பாவா என்னை நெருங்கி வந்தார்.

"கழுத்துவலி இப்போ எப்டி கீது மச்சான்?"

தாளக்காரரின் காதோடு நான் சொன்னதை அவர் இடப்பக்கம் நின்று என் உதட்டிலிருந்தே படித்திருக்கிறார்.

"உங்க புண்ணியத்துல பரவால்ல, பாவா."

"ஆங்," என்றார். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டதா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு.