ராஜபாளையம் வரை பூ

காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் கடையில் பூ கொடுப்பார்கள். ஓசூரில் நான் வேலை பார்க்கும் பட்டுச் சேலைக் கடையின் விதி அது. மாடிப்படிக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு தட்டில் மல்லிகைச் சரத்தைத் துண்டு துண்டாகக் கிள்ளி வைத்திருப்பார். விற்பனைப் பெண்கள் ஆளுக்கொன்று எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வருகை மெஷினில் விரல் வைக்கலாம். வந்த புதிதில் ஒருநாள் தலைவலி என்று சாக்குச் சொல்லிப் பூவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். "பூ இல்லாம முகூர்த்தப் பட்டு செக்‌ஷன்ல நிக்கக் கூடாதும்மா. கஸ்டமர் என்னா நெனப்பாங்க" என்று அவர் கையோடு திருப்பி அனுப்பினார். சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நான் பூ வைத்தால் தெருவே கூடி நின்று ஏன் என்று கேட்கும். இங்கே வைக்காவிட்டால் கேட்கிறார்கள். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது.

கடையில் இது யாருக்கும் தெரியாது. நான் பொய் சொல்லிச் சேரவில்லை என்றுதான் இன்றைக்கும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தில் 'திருமணமானவர்', 'திருமணமாகாதவர்' என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. எனக்குத் திருமணமாகியிருந்தது; முதல் கட்டத்தில் டிக் போட்டேன். மூன்றாவது கட்டம் போடாதது அவர்கள் தப்பு. ஆனால் அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என்னோடு நின்ற ஒரு பெண்ணுக்குக் கணவர் போனபோது கடையில் எல்லோரும் வருத்தப்பட்டார்கள், பதினைந்து நாள் லீவும் கொடுத்தார்கள். திரும்பி வந்தவளைக் கீழ்த்தளத்தில் துண்டு, லுங்கி விற்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டு விற்கத் தெரிந்த கை அவளுடையது.

கடல் தாண்டிப் போனவர்களைத்தான் நாம் புலம்பெயர்ந்தவர்கள் என்கிறோம். பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு இரவு பஸ் பயணத்திலேயே வேறு நாட்டுக்கு வந்துவிட முடியும் என்பது ஓசூர் மூக்கண்டப்பள்ளியின் லைன் வீடுகளில் என்னைப் போலக் குடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். என் வீட்டு வரிசையில் தேனிக்காரர், கும்பகோணத்துக்காரர், என் தம்பி, எல்லோருக்கும் கம்பெனி வேலை. யாரும் யாரையும் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்பதில்லை. எந்த ஷிஃப்ட் என்றுதான் கேட்பார்கள். கடையில் ஒரே குடும்பம் அம்மாவிடம் கன்னடத்திலும் மருமகளிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் பேசி ஒரே சேலையை வேண்டாம் என்று சொல்லும். அலுத்துக்கொள்ளாமல் அடுத்த சேலையை விரிக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும். ஐம்பது சேலை கலைத்துப் போட்டுவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்தும் சிரிக்கத் தெரிந்தவள் நான். மனதுக்குள் என்ன சொல்வேன் என்பது வேறு.

போன தை மாதம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற விவசாயக் குடும்பம். கல்யாணப் பெண் ஏதோ உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறாள்; ஷிஃப்ட் முடிந்து நேரே வந்ததால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. முகூர்த்தச் சேலை வேண்டும், வெள்ளையில் காட்டு என்றார் அந்த அம்மா. நான் அரக்கில் விரித்தேன். வெள்ளை என்றார். மாம்பழ மஞ்சள், தாமரை நிறம் என்று அடுக்கினேன். வெள்ளை இல்லையா என்றார். அலமாரியில் இருந்தது. எங்கள் செக்‌ஷனுக்கு வந்த நாளிலிருந்து அந்த அடுக்கை மற்றப் பெண்களுக்கு விட்டுவிட்டு நான் தொட்டதே இல்லை. அது விருந்துக்கோ கோயிலுக்கோ போவதற்கு என்று நினைத்திருந்தேன். "கல்யாணத்துக்குப் போயி வெள்ளை எதுக்கும்மா, பொண்ணு நெறத்துக்கு அரக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அந்த அம்மா முகம் சுருங்கிப்போய் எழுந்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். வெள்ளைப் பட்டில் சிவப்புக் கரை போட்ட அதற்குத் தாரைச் சேலை என்று பெயராம். கன்னியாதானம் செய்து தாரை வார்க்கும்போது பெண் அதைத்தான் கட்டுவாளாம். இத்தனை நாள் நின்றும் இது தெரியாதா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். அந்த அம்மாவை உட்காரவைத்து, ஒரு சேலையைப் பிரித்து என் கையில் கொடுத்து, தோளில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

போட்டேன். எதிரில் ஆளுயரக் கண்ணாடி. இதற்கு முன்னால் என் மேல் வெள்ளை விழுந்தது கணவர் இறந்த பதினாறாம் நாள், என் அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலை. அன்றைக்குத் தலையில் இருந்ததை எடுத்தார்கள். இன்றைக்குத் தலையில் பூவோடு, தோளில் வெள்ளையோடு, ஒருத்தி கல்யாணத்துக்காக நிற்கிறேன். அழுகை வரவில்லை. பயம் வந்தது. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று பெருமையாகத் திரிந்தவள்தான் நான். ஆனால் அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தோன்றி, தோளிலிருந்து சேலையை எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். கீழ்த்தளத்து லுங்கிகளும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த அம்மா என் கையைப் பார்த்தார். "நீங்க போங்க சார், இவங்க காட்டுவாங்க" என்று சூப்பர்வைசரை அனுப்பிவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"எனக்கு வீட்டுக்காரர் இல்லம்மா" என்றேன். "தெரியாம தோள்ல போட்டுட்டேன். ஒங்களுக்கு மனசுக்கு ஆகாதுன்னா வேற எடுத்துக்கிடுங்க."

அவர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து சேலையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தார். அதேபோல் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அடுத்த கவுன்ட்டரில் நின்ற பெண்ணைக் காட்டி, அதை அவள் எடுத்துத் தரட்டும் என்றார். மகளுக்குக் கோபம். இந்தக் காலத்தில் என்ன இது, அக்கா காட்டியதே வேண்டும் என்று கன்னடத்தில் சண்டை போட்டாள். பாதிதான் எனக்குப் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. அந்த அம்மா மசியவில்லை. சூப்பர்வைசர் திரும்பி வந்து ஏன் மாற்றினீர்கள் என்றபோது, "அதுல நூல் இழுத்துக்கினு இருக்குது" என்று கண்ணிமைக்காமல் சொன்னார். மற்றச் சேலைகள் அத்தனையையும் என்னிடம்தான் வாங்கினார். போகும்போது என் பக்கம் குனிந்தார்.

"எனக்குத் தெரிஞ்சத கடைக்கு எதுக்கும்மா சொல்லணும்? பொழைக்க வந்தவ நீ. ஆனா எம் பொண்ணு விசயத்துல எனக்கு மனசு வரல. தப்பா நெனச்சிக்காத."

தப்பாகத்தான் நினைத்தேன். நன்றியாகவும் நினைத்தேன். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அந்த வெள்ளைச் சேலையை மடித்து அலமாரியில் வைத்தேன். அதில் நூல் எதுவும் இழுக்கவில்லை. மறுநாள் பாகலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டது. தோளில் போட்டுக் காட்டி, என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இல்லை என்று அவர்களிடம் சொல்லவில்லை. சரியா என்று கேட்காதீர்கள். அதைக் கட்டப்போகும் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஊரில் என் கணவர் வீட்டில், அவள் பெரியம்மாவிடம் இருந்து எட்டாவது படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடையிலிருந்து நேராகப் பஸ் ஏறுவேன். முதல் தடவை ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே பூவை எடுத்துவிட்டேன். அடுத்த தடவை கிருஷ்ணகிரி தாண்டும்போது. பிறகு சேலம், பிறகு மதுரை. இப்போது பூ ராஜபாளையம் வரை வருகிறது. விடிந்து, பஸ் டீக்கு நிற்கும்போது எடுத்து, காலி டிபன் பாக்ஸில் போட்டு மூடுவேன். ஊர் போனதும் யாரும் பார்க்காமல் கொல்லைப்புறத்தில் கொட்டிவிடுவது வழக்கம். உங்களில் ஒவ்வொருவருக்கும் வழியில் இப்படி ஒரு ஊர் இருக்கும் என்று நினைக்கிறேன், எதையாவது கழற்றியோ மாட்டியோ கொள்வதற்கு.

போன மாதம் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மகள் பையைப் பிரித்து, தின்ன ஏதாவது இருக்கிறதா என்று டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாள். உள்ளே வாடிய மல்லிகை, அதில் குத்தியபடியே ஹேர்பின், அதில் சுற்றிய என் முடி ஒன்று. அவள் பூவைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள். உனக்காக வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஹேர்பின்னை மட்டும் உருவி என் கையில் கொடுத்துவிட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

"பெரியம்ம வாறதுக்குள்ள பைக்குள்ள வச்சிரும்மா" என்றாள்.