ஆளுக்கு இரண்டு இருக்கை

ஹோரியே யாசுயோ ஓய்வு பெற்ற அன்று பட்டறையில் அவளுக்கு ஒரு பூங்கொத்தும், குளியல் துண்டுகள் அடுக்கிய ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். சபாயே ஊரில் பாதிப் பேருக்கு மூக்குக்கண்ணாடிதான் சோறு போடுகிறது. யாசுயோவும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டறையில் சேர்ந்தவள். சுழலும் துணிச்சக்கரத்தில் கண்ணாடிச் சட்டத்தை அழுத்திப் பிடித்து மினுக்குவது அவள் வேலை. சக்கரம் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம்கூடப் பேச முடியாது. அதனால் அவள் வாயாடி ஆகவில்லை. விரல் நுனிகள் மட்டும் தேய்ந்து தேய்ந்து, ரேகையே இல்லாத அளவுக்கு வழவழப்பாகிவிட்டன.

கல்யாணம் ஆகவில்லை. முலாம் பூசும் பிரிவில் இருந்த ஒருவன் இரண்டு குளிர்காலம் அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டான். பிறகு நகோயாவில் வேலை கிடைத்துப் போனான். "நீயும் வா" என்று அவன் சொல்லவில்லை, "போகாதே" என்று அவளும் சொல்லவில்லை. அம்மா முன்பே இறந்துபோயிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி ஒசாகாவில் குடும்பஸ்தன். அப்பாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மூங்கில் குச்சியால் காது குடைந்துவிட்டு, கடைசியில் அவரையும் வழியனுப்பி வைத்தாள்.

வேலை நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியானது என்று அவளுக்குத் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் பெண்ணிடம் "பை வேண்டாம்" என்று சொல்வாள். சில நாட்களில் அவள் வாயிலிருந்து வரும் சொல் அது ஒன்றுதான். அப்புறம் அந்தக் கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். அந்த ஒன்றும் போயிற்று. குளியலறைச் சுவரில் இருக்கும் கருவி, "தண்ணீர் சூடாகிவிட்டது" என்று பெண் குரலில் சொல்லும். ஒருநாள் அதற்கு "சரிம்மா" என்று பதில் சொன்னதைத் தானே கேட்டு, ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வாரம் பழைய தோழி தாயெகோ தெருவில் எதிர்ப்பட்டாள். அதே பட்டறையில் திருகாணி முடுக்கியவள்.

"ஏண்டி, தனியாப் போறவங்களுக்குன்னே ஒரு டூர் இருக்காமே, நீ போயேன்" என்றாள் தாயெகோ.

"தனியா இருக்கத்தான் எனக்கு வீட்டிலேயே வசதி இருக்கே. அதுக்குக் காசு வேற கொடுக்கணுமா?"

"வாயைப் பாரு. ஜென்கோஜிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அந்தக் கோயிலை ஒரு தடவையாவது பாக்க வேண்டாமா? நானும் வந்திருப்பேன். பேரனை விட்டுட்டு எங்க வர்றது, சொல்லு."

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை யாசுயோ அந்தப் பேருந்தில் ஏறினாள்.

தனியாக வருபவர்கள் சங்கடப்படக் கூடாது என்று ஆளுக்கு இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னலோரத்தில் அவள், பக்கத்தில் அவள் கைப்பை. முன்னாலும் பின்னாலும் அப்படியே, ஒரு ஆள், ஒரு பை. வழிகாட்டிப் பெண் மினெகிஷிக்கு முப்பதுகூட இருக்காது. "யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, நிம்மதியா இருங்க" என்று ஒலிபெருக்கியில் சிரித்தபடி சொன்னாள். அப்படியே நடந்தது. அன்றிரவு வெந்நீர் ஊற்று விடுதியில் சாப்பாட்டுத் தட்டுகளை ஒரே திசை பார்த்து வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு மீன் தின்றார்கள். மீன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஜென்கோஜி. கடைத்தெருவில் எள் வறுக்கும் வாசனை. பெரிய வாயிலைத் தாண்டினால் ஊதுவத்திக் கொப்பரை. ஜனங்கள் புகையை இரு கையாலும் அள்ளித் தலையிலும் முட்டியிலும் பூசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் புத்தரின் சீடர் பிஞ்சுருவின் சிலை உட்கார்ந்திருந்தது. நமக்கு எந்த இடத்தில் வலியோ, அந்த இடத்தை அந்தச் சீடரின் மர உடம்பில் தடவிவிட்டுத் தன் உடம்பையும் தடவிக்கொள்வது வழக்கம். தடவித் தடவி மூக்கும் கண்ணும் அழிந்த முகம். குழுவில் ஒரு பெரியவர் இடுப்பைத் தடவினார், ஒரு பெண் தோளைத் தடவினாள்.

"உங்களுக்கு எங்க வலி, ஹோரியே சான்?" என்று மினெகிஷி கேட்டாள்.

யாசுயோ யோசித்தாள். முட்டி நன்றாக இருந்தது. இடுப்பும் நன்றாக இருந்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல், பின்னால் நிற்பவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்தில், மர முழங்கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

உள் மண்டபத்தில் பாதாள வழிக்கு இறங்கும் படிகள் இருந்தன. மினெகிஷி தன் வழிகாட்டிக் கொடியை மடக்கிக்கொண்டு சொன்னாள்: "கீழ ஒரு துளி வெளிச்சம் இருக்காது. வலது கையை இடுப்பு உயரத்துல சுவர்ல வச்சிடுங்க, எடுக்கவே கூடாது. நடுவழியில ஒரு பூட்டு கைக்குத் தட்டுப்படும், ஆட்டிப் பாருங்க. அதுக்கு நேர் மேலதான் யாருமே பாக்காத மூலவர் இருக்கார். பூட்டைத் தொட்டுட்டா மேல் உலகத்துல இடம் கன்பர்ம். தொடாதவங்க வெயிட்டிங் லிஸ்ட்."

எல்லாரும் சிரித்தார்கள். குழுவில் யாசுயோ கடைசியாக இறங்கினாள்.

இரண்டாவது திருப்பத்தில் வெளிச்சம் அடியோடு போய்விட்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். குளிர்ந்த மரச்சுவர் விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளுக்குப் பயமாக இல்லை. சொல்லப்போனால் அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் இலேசாக இருந்தது. இங்கே யார் தனியாக வந்தார்கள், யார் துணையோடு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது முதுகுக்குப் பின்னால் பெரிதாக மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி யாராவது இருக்கீங்களா?" ஆண் குரல். நடுங்கியது.

"நான்தான்" என்றாள் யாசுயோ.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வெளியே போய்விட்டுத் திரும்பும்போது, உள்ளேயிருந்து அப்பா "யாரு?" என்பார். அதற்குச் சொல்கிற பதில் இது.

"நான்தான்னா யாருங்க?" என்றது குரல். அந்தப் பயத்திலும் அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மன்னிக்கணும். டூர்ல வந்தவ. ஹோரியே."

"நான் ஒகிதா. லாரி ஓட்டறேங்க. சுரங்கப்பாதையெல்லாம் சர்வசாதாரணமாப் போவேன். ஆனா இது... இது முடியலைங்க. மூச்சு அடைக்குது. திரும்பிப் போயிடலாமா?"

"பின்னாடி ஆளுங்க வந்துட்டிருக்காங்களே."

"அதானே. தப்பா நினைக்காதீங்க. உங்க கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கலாமா?"

யாசுயோ இடது கையைப் பின்னால் நீட்டினாள். இருட்டில் அவர் கை இரண்டு மூன்று தடவை காற்றில் துழாவி, பிறகு அதைப் பிடித்தது. பெரிய, வியர்த்த, சூடான கை. குழந்தை பிடிப்பதுபோல முழுசாகப் பற்றிக்கொண்டது. அப்பா போன பிறகு அவள் கையை யாரும் பிடித்ததில்லை.

"ஏதாவது பேசிட்டே வாங்க, புண்ணியமாப் போகும்" என்றார் ஒகிதா.

என்ன பேசுவது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். துணிச்சக்கரத்தைப் பற்றிச் சொன்னாள். அழுத்தம் கூடினால் சட்டம் கருகிப்போகும், குறைந்தால் மினுமினுப்பு வராது என்று சொன்னாள். பட்டறைக் கூரையில் பனி சரிந்து விழும்போது முலாம் பூசும் ஆட்கள் கத்துவதைச் சொன்னாள். அப்பாவுக்குக் காது குடையும்போது அவர் தூங்கிப்போவதைச் சொன்னாள். சொற்கள் தாமாக வந்துகொண்டே இருந்தன. "ம்", "அப்படியா", "அப்புறம்?" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. எப்போது வலது கையைச் சுவரிலிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பேசும்போது கையை ஆட்டிப் பேசுகிறவள் தான் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசித் திருப்பத்தில் சாம்பல் நிறமாக வெளிச்சம் தெரிந்தது. தெரிந்த அந்த நொடியே கை விலகிவிட்டது.

மேலே படி முடிவில் தடித்த பெண்மணி ஒருத்தி கைத்தடியோடு நின்றிருந்தாள். "என்னங்க, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு! அழுதீங்களா? பூட்டைத் தொட்டீங்களா இல்லையா?"

"தொட்டேன், தொட்டேன்" என்றார் ஒகிதா. வழுக்கைத் தலையும் தொப்பையுமாக ஒரு மனிதர். யாசுயோ இருந்த பக்கம் பார்த்து, வழியில் இடித்துவிட்டவரிடம் தலை தாழ்த்துவதுபோல ஒரு தடவை தாழ்த்தினார். பிறகு மனைவியின் கைத்தடியை வாங்கிக்கொண்டு, அவள் தோளைத் தாங்கியபடி வாசல் பக்கம் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். பின்னாலிருந்து பூட்டு ஆடும் சத்தமே கேட்கவில்லை. அவளும் பூட்டைத் தொடவில்லை. மினெகிஷி கேட்டபோது அவளும் "தொட்டேன்" என்றுதான் சொன்னாள்.

மதியம் ஒரு நூடுல்ஸ் கடையில் குழு சாப்பிட்டது. யாசுயோவால் சாப்பிட முடியவில்லை. இடது கையை மேசைக்கடியில், மடிமேல் வைத்துக்கொண்டிருந்தாள். பேருந்து கிளம்பும் நேரம் வந்தபோது மினெகிஷியிடம் போய், "நான் வரலை. நீங்க கிளம்புங்க. நான் ரயில்ல வந்துக்கறேன்" என்றாள்.

மினெகிஷி பதறிப்போனாள். "உடம்புக்கு ஏதாவதா? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"அதெல்லாம் இல்லைம்மா. இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

பட்டறைக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவள் அவள். பேருந்து வளைவில் திரும்பியது. அவளுடைய இரண்டு இருக்கையும் காலியாகப் போயின. அதைப் பார்த்து அவளுக்கு விசித்திரமாகச் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் மூடுவதற்கு முன் மறுபடியும் சீட்டு வாங்கிக்கொண்டு பாதாளத்தில் இறங்கினாள். கூட்டம் வடிந்திருந்தது. முன்னால் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. இந்தத் தடவை கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. பூட்டு தானாகவே உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. நினைத்ததைவிடப் பெரிது, கனம். ஆட்டினாள். கடகடவென்ற சத்தம் இருட்டெல்லாம் பரவி அடங்கியது.

இதற்காகத்தான் இறங்கினோம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் பூட்டை விட்ட பிறகும் அவள் நகரவில்லை. மெல்ல இடது கையைப் பின்னால் நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். குளிர்ந்த காற்றுதான் இருந்தது. கை வலிக்கத் தொடங்கியதும் மடக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். காவலாளி "மூடப்போறோம்மா, பாத்து வாங்க" என்றார்.

கோயிலைச் சுற்றிலும் யாத்திரீகர் தங்கும் மடங்கள். மூன்றாவதில்தான் இடம் இருந்தது. "முன்னாடியே சொல்லலையே, ராத்திரிச் சாப்பாடு கிடையாது. படுக்கை மட்டும்தான்" என்றாள் மடத்துக்காரி. பிறகு அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கீரை ஊறுகாய் வைத்துச் சுட்ட மாவு உருண்டைகள் இரண்டைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். "காலைப் பூசைக்கு எழுப்பவா?"

"எழுப்புங்க."

விடியும்போது நல்ல குளிர். மூத்த பிக்குணி பூசைக்கு மண்டபத்துக்கு வரும் கல்பாதையில் ஓரமாக இருபது முப்பது பேர் முழந்தாளிட்டு, கைகூப்பி, தலை குனிந்திருந்தார்கள். மடத்துக்காரி சொன்ன இடத்தில் யாசுயோவும் முழந்தாளிட்டாள். கல்லின் குளிர் கால்சட்டை வழியாக ஏறியது. பக்கத்தில் இருந்த கிழவி கிசுகிசுத்தாள்:

"எந்த ஊரும்மா?"

"சபாயே."

"கண்ணாடி ஊரா! யாரோட வந்தே?"

"தனியா" என்றாள் யாசுயோ. வழக்கமாக இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காரணத்தையும் ஒட்டவைப்பாள். அன்று ஒட்டவில்லை.

"நானும்தான். தலையை நல்லா குனி. நிமிர்ந்தா அவங்க ஜபமாலை மூக்குல இடிக்கும்."

சிவப்புக் குடை ஒன்று பாதையில் அசைந்து வந்தது. மரச்செருப்புச் சத்தம் நெருங்கியது. ஒவ்வொரு தலையாக ஜபமாலை தொட்டுக்கொண்டே வந்தது. கிழவியின் தலை, பிறகு அவள் தலை. ஒரு நொடிதான். குளிர்ந்த மணிகளின் பாரம் உச்சியில் இறங்கி, அவள் அதை உணர்ந்துகொள்வதற்குள் அடுத்த தலைக்குப் போய்விட்டது. எல்லாரும் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்கள். யாசுயோவால் உடனே எழ முடியவில்லை. கிழவி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "முதல் தடவை இப்படித்தான் இருக்கும்" என்றாள். யாசுயோ அழுவதைப் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்றே ரயிலேறி வீட்டுக்கு வந்தாள். வீடு விட்டுப்போனபடியே சில்லென்று கிடந்தது. மினெகிஷி போன் பண்ணி, பத்திரமாகச் சேர்ந்தீர்களா என்று விசாரித்தாள். அதற்குப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை. டிசம்பர் பிறந்து பனி விழத் தொடங்கியது.

ஒரு நாள் யாசுயோவே தாயெகோவைக் கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வாயேன். நண்டு போட்டுக் குழம்பு வைக்கறேன்."

"நீயா கூப்பிடறே?" தாயெகோவுக்கு நம்பமுடியவில்லை. "இந்த ஞாயிறு பேரனுக்குப் பாட்டுக் கச்சேரிடி. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. அதற்கும் அடுத்த வாரம்தான், ஒரு பை நிறைய உலர்ந்த சீமைப் பனிச்சம்பழத்தோடு வந்தாள். இருவரும் போர்வை போர்த்திய கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு நண்டு ஓட்டை உடைத்துத் தின்றார்கள். பாதி நேரம் தாயெகோ மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். யாசுயோ "ம்", "அப்படியா", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்குள் தாயெகோ கிளம்பினாள். வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, யாசுயோ கையை நீட்டி அவள் கோட்டின் காலரை இழுத்து, மடித்து, நீவிவிட்டாள். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நீவினாள்.

தாயெகோ ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னடி?"

"நூல் ஒட்டியிருந்துச்சு" என்றாள் யாசுயோ.

"எங்க, காட்டு?"

"கீழ விழுந்துடுச்சு."

தாயெகோ குனிந்து தரையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. குடையை விரித்துக்கொண்டு பனியில் இறங்கிப் போனாள்.