தட்டின் அடியில் ஒரு சாய்சதுரம்

சுவிஸில் சோலோதுர்ன் நகரத்துப் பழைய சாமான் கடையான புறொக்கியில் கிளறி நான் வாங்கிய நீலப்பூ ஆங்கிலத் தட்டில், அம்மா கோயிலுக்கு வடை கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்ததும் கவிழ்த்துப் பார்த்தேன். நான் இன்னும் வாசித்திராத முத்திரையின்மேல் சிவப்பு நகப்பூச்சில் எங்கள் வீட்டு அடையாளம்!

“ஐயோ அம்மா, இது எப்ப செய்தது எண்டு அதிலதான் கிடக்கும்!”

“அடையாளம் போடாட்டி இப்ப ஆற்றையோ வீட்டிலயெல்லோ கிடக்கும்.”

நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். சிவப்பு கரைய, ஒரு நீலச் சாய்சதுரம் கோடுகூடக் கலையாமல் எழும்பி வந்தது. முத்திரையைப் பதித்த பிறகுதான் மேலே கண்ணாடிப் பூச்சைச் சுட்டிருக்கிறார்கள். என் பஞ்சு அதைத் தொடவே இல்லை. மூலைகளில் ஆண்டுக்கு ஓர் எழுத்து, மாதத்துக்கு ஓர் எழுத்து, நாளுக்கு ஓர் எண். கைபேசியில் அந்த எழுத்துகளுக்கான அட்டவணையைத் தேடி ஒப்பிட்டேன். நூற்றைம்பது வருடங்களுக்கும் முந்திய ஒரு நாள் வந்து நின்றது. அன்றுதான் யாரோ இந்தப் பூ வடிவம் தங்களுடையது என்று லண்டனில் பதிந்திருக்கிறார்கள். நூற்றாண்டு தெரிந்தாலே போதும் என்றிருந்த எனக்கு, நாளே கிடைத்துவிட்டது!

அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அண்டைக்கு என்ன கிழமை?”

அதையும் தேடினேன். “வெள்ளிக்கிழமை.”

“வெள்ளியோ?” என்றவர், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.