காஜா அக்கா சொன்ன பொய்

எங்கள் தையற்கூடத்தில் அவளைக் காஜா அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிற வேலை. பதினோரு வருடமாக எனக்கு அடுத்த மெஷின். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

பொய் அவளுடைய அண்ணன் மகளைப் பற்றியது. அண்ணனும் அண்ணியும் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு நான்கு வயது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி. வந்திருந்தது. தினமும் மாத்திரை போட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்வாள் என்றார்கள் மருத்துவமனையில். வளர்ந்தாள். ஆனால் தினமும் போடுகிற மாத்திரைக்கு ஒரு காரணம் வேண்டுமே. "இதயத்துல சின்ன ஓட்டை" என்றாள் அக்கா. பிள்ளையிடம், பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டுக்காரரிடம், என்னைத் தவிர எல்லாரிடமும். இதயம் என்றால் ஜனங்கள் உச்சுக் கொட்டுவார்கள். மற்றதைச் சொன்னால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். இதற்காக அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் முதலில் அவளுக்கு ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.

பெண்ணுக்குப் பதினைந்து வயதானபோது பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். இதயத்தைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர், "ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா ஓடலாம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். பெண் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா திகைத்துப்போய், "தானா அடைஞ்சிருக்கும்" என்று சமாளித்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். அடைந்த ஓட்டைக்கு மாத்திரை எதற்கு? பெண் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கழிவறையில் போட்டாள்.

நான்கு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது. கிருமி ஏறியிருந்தது. மருத்துவமனை ஆலோசகர் அம்மா அக்காவைத் தனியே அழைத்தார். "இனிமே பொய் சொல்லி மாத்திரையை உள்ள அனுப்ப முடியாதும்மா. விட்டா அவ படுத்துடுவா. உண்மையைச் சொல்லுங்க."

"நீயும் கூட இரு" என்று அக்கா என்னை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு இழுத்துப் போனாள். பெண்ணை எதிரே உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

பெண் அழவில்லை. "அம்மாவுக்கும் இதானா?" என்று கேட்டாள்.

"ஆமாடா."

"பாடத்துல இருக்கு. டீச்சர் அந்தப் பக்கத்தை வேகமாத் தாண்டிட்டாங்க. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க." மாத்திரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். "நானும் சிரிச்சேன், அத்தை."

"நாம ஒரே தட்டுலதானே சாப்பிட்டுட்டு வர்றோம்," என்றாள் அக்கா. " எனக்கு என்ன ஆச்சு? தொட்டா ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாது. நீ மாத்திரையை மட்டும் விடாம போடு. ஓடலாம், படிக்கலாம், எல்லாம் செய்யலாம்."

தலையாட்டினாள். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண் தம்ளரை இரண்டு முறை கழுவினாள். அலமாரியில் மற்ற தம்ளர்களோடு சேர்க்காமல், ஜன்னல் ஓரத்தில் தனியாக வைத்துவிட்டு உள்ளே போனாள். யாரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அக்கா எழுந்து போய் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காலையில மாத்திரை போட்டுட்டா. தம்ளரை மறுபடியும் ஜன்னல்லதான் வச்சிருந்தா."