மல்லேஸ்வரத்தில் பார்த்த மாடி வீடு

ஈர ஸ்வெட்டர் வாசனை...

பெங்களூர் என்றால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தொண்ணூற்றாறு, ஜூன் மாதம். வெளியே விடாத தூறல். பஸ்ஸுக்குள் முன்வாசல் வழியாக ஏறிய பெண்கள் எல்லோர் மேலும் ஒரே கம்பளி வாசனை. திருப்பத்தூரிலிருந்து வந்து மூன்றாவது நாள். கன்னட நம்பர் படிக்கத் தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறி, எங்கேயோ இறங்கி, கேட்டுக் கேட்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி. எனக்கு டைப்பிங் வேலை. பக்கத்து சீட் கஸ்தூரி, என் வயதுதான். கூலி வேலைக்கு வந்த தமிழர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அழாதடி. இந்த ஊர் சுலபம். கத்துக்கலாம்."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கன்னட எண்களை எழுதிக் கொடுத்தாள். "மூணும் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். வாலைப் பாரு, வித்தியாசம் தெரியும்."

அந்த ஒரு வருடத்தில் அவளிடம் கற்றது கொஞ்சமா!

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு பேரம் பேசாதே, ஏறும் முன்பே "மீட்டர் ஹாக்கி" என்று மீட்டரைப் போடச் சொல்லிவிடு. காலையில் வெயிலைப் பார்த்து ஏமாறாதே, நாலு மணிக்கு மழை வரும். கடையில் மொழி தெரியாமல் விழிக்காதே...

"சிரிச்சிக்கினே 'கன்னடா ஸ்வல்பா பருத்தே', கன்னடம் கொஞ்சம்தான் வரும்னு சொல்லு. பாதிப் பேரு அவங்களே தமிழ்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க."

நடந்தது அப்படித்தான்.

ஹாஸ்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு பிரச்சினை. இரண்டே அறையில் அண்ணன் குடும்பத்தோடு சேர்த்து எட்டுப் பேர். தபால் வழியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இல்லை. இருவரும் சேர்ந்து வீடு பார்ப்பது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டு-லெட் போர்டு தேடி நடந்தோம். எந்த வீட்டுக்குள் போனாலும் கஸ்தூரி முதலில் குழாயைத் திறப்பாள். அப்புறம்தான் பேச்சு.

மல்லேஸ்வரத்தில் அந்த மாடி வீடு கிடைத்தது. ஒரு அறை, சமையலறை, ஜன்னலுக்கு வெளியே செண்பக மரம். கஸ்தூரி குழாயைத் திறந்து பார்த்து, என்னிடம் கண்ணைச் சிமிட்டிவிட்டு மொட்டை மாடியைப் பார்க்கப் போனாள்.

வீட்டுக்கார அம்மா தமிழ்தான். மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். என் ஊர், அப்பா வேலை எல்லாம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு ஸ்ரீராம்புரம்னு சொன்னாளே?" என்றார்.

"ஆமாங்க."

"தப்பா நினைச்சுக்காதேம்மா. உனக்குக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பக்கத்து ஜனங்க வந்து போயிட்டிருந்தா எங்களுக்குச் சரிப்படாது."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. எழுந்து வந்திருக்கலாம். குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்...

"இல்லைங்க, அவ சும்மா துணைக்குத்தான் வந்தா. நான் மட்டும்தான் இருக்கப் போறேன்."

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். கஸ்தூரி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். "துணி காயப்போட நீளமா கம்பி கட்டியிருக்காங்க சித்ரா. ரெண்டு பேருக்குத் தாராளமா போதும்."

வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தெருவுக்கு வந்ததும் பொய் சொன்னேன். "ஒருத்தருக்கு மட்டும்தான் குடுப்பாங்களாம்டி."

அவள் திரும்பி அந்த மாடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, "நீ எடுத்துக்கோ. இந்த மாதிரி தண்ணி வர்ற வீடு சிக்காது" என்றாள்.

எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள், பேசினாள். ஆனால் அந்த வீட்டுக்கு அவள் ஒருமுறையும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, மனசு கேட்காமல், ஸ்வீட் பாக்ஸோடு ஸ்ரீராம்புரம் போனேன். மல்லேஸ்வரத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். கஸ்தூரிக்குக் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாளாம். அவள் அம்மா என்னை உட்காரவைத்து, கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தார்.

"நீதானா சித்ரா? உன்னப் பத்தி நெறைய சொல்லுவா. பாவம், நீ அவ்ளோ ஆசையா வீடு பார்த்தியாம். இவதான் வீட்ட வுட்டு வர மனசில்லாம வேணாம்னுட்டாளாமே? சித்ராவ தனியா வுட்டுட்டேம்மான்னு வருத்தப்பட்டா."



"பரீட்சை எழுதினாளா ஆன்ட்டி?"

"எங்கம்மா... வீட்ல இந்தச் சத்தத்துல எப்பிடிப் படிப்பா? வுட்டுட்டா."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேன் ஆன்ட்டி" என்று கிளம்பிவிட்டேன். ஓசூர் அட்ரஸைக்கூட அவரேதான் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போகவில்லை. முதலில் வேலை, அப்புறம் குழந்தைகள்... ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது.

இன்று எங்கள் ஆபீஸில் சேரும் பிள்ளைகளுக்கு யார் தயவும் வேண்டியதில்லை. போன் வழி சொல்கிறது, வீடு தேடிக் கொடுக்கிறது, கன்னடம்கூடப் பேசுகிறது. நல்லதுதான். ஒருவருக்கு ஒருவர் இவ்வளவு கடன்படாமலே வாழ்ந்துவிடலாம்.

நான் தினமும் மெட்ரோவில் போகிறேன். ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனில் கதவு திறக்கும்போது, ஏறுகிறவர்களில் ஐம்பதை ஒட்டிய பெண்கள் யாராவது இருந்தால் முகத்தைப் பார்ப்பேன். அம்மா வீட்டுக்கு வந்து திரும்புகிறவளாக இருக்கலாமே...

அவளாகவே இருந்தால் என்ன சொல்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.